ஒட்டாத மையும் மூலையில் கிடந்த ட்ரீட்டரும்

வெள்ளைக் குழந்தை பனியன் ஒன்று. கழுத்துப்பட்டைக்குக் கொஞ்சம் கீழே ஒரு கட்டைவிரல் ரேகை, கறுப்பாக, கைநாட்டு வைத்த மாதிரி. பனியன் கம்பெனியின் பேக்கிங் இன்சார்ஜ் அதை என் மேசை மேல் விரித்து வைத்துவிட்டு நின்றார்.

"பாலிபேக்ல இருக்கற மைதானுங்ணா இது. பேக்கிங் பொண்ணுங்க கையெல்லாம் கறுப்பு. நாலு பெட்டியப் பிரிச்சாச்சுங்க."

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் போடும் பாலிபேக்குக்கு அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. ஒரே கலர், கறுப்பு. மூச்சுத் திணறும், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்ற எச்சரிக்கை நாலைந்து மொழிகளில் இருக்கும். கீழே மறுசுழற்சி முக்கோணமும் எல்டி, அதாவது அடர்த்தி குறைந்த பாலித்தீன், என்பதற்கான 4 என்ற எண்ணும். பார்த்தால் பெரிய வேலையாகத் தெரியாது. ஆனால் எச்சரிக்கை வாசகம் இல்லாத பையில் குழந்தை உடுப்பை எந்த பையரும் வாங்க மாட்டார்.

அவர் முன்னாலேயே ஒரு பையை எடுத்து செலோடேப்பை ஒட்டினேன். நகத்தால் அழுத்தித் தேய்த்து ஒரே இழுப்பு. ஸ்பானிஷ் முழுசாக டேப்போடு வந்துவிட்டது. பிரெஞ்சில் பாதி. இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும் கொஞ்சம் தடிமன் என்பதால் அங்கங்கே தொங்கிக்கொண்டிருந்தன. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

முதல் இரண்டு நாளை வீணடித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது மிச்சமாகும். மெஷின் ஓட்டும் அண்ணனுக்கு இருபது வருட அனுபவம். "மை சரியில்லீங்க, டின்ன மாத்துங்க" என்றார். மாற்றினோம். மையின் கெட்டித்தன்மை பார்க்கும் பி4 கப்பில் 20 நொடி ஓடியதை 24 ஆக்கினோம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைக் குறைத்து எத்தில் அசிடேட்டைக் கூட்டினோம். ட்ரையர் சூட்டை ஏற்றியதில் ஃபிலிம் இழுபட்டு, அச்சு திரும்ப வரும் ரிப்பீட் நீளம் மாறியதுதான் மிச்சம். மைக் கம்பெனி ஆள் கொடுத்த ஒட்டும் சேர்க்கையை ஊற்றிப் பார்த்தோம், அதுவும் டேப்போடு வந்தது. இத்தனைக்கும் மை விழுந்த அழகில் குறையே கிடையாது. எழுத்து கூர்மை, கறுப்பு ஆழம், புள்ளி சிதறல் இல்லை. மை பரவுவது வேறு, பிடிப்பது வேறு என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எந்தத் திடப்பொருளின் மேற்பரப்புக்கும் ஒரு இழுப்பு உண்டு. தொழிலில் அதை டைன் என்று சொல்கிறோம். பாலித்தீனுக்கு 31 சுமார். பாலிப்ரோப்பிலீன் அதற்கும் ஒரு படி கீழே. பாலியெஸ்டர் 43-ஐ ஒட்டி இருக்கும். தண்ணீரின் இழுப்பு 72க்கு மேல், அதனால்தான் பாலித்தீன் மேல் தண்ணீர் சேம்பிலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக நிற்கிறது. சால்வென்ட் மையோ ஆல்கஹால் கலந்தது, அதன் இழுப்பு இருபதுகளில்தான். எனவே வெறும் பாலித்தீன் மேல்கூட அது ஜோராகப் பரவிவிடும். பரவியதைப் பார்த்து நாம் சந்தோஷப்பட்டுவிடுகிறோம். ஆனால் பாலித்தீன் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும். மையிலுள்ள ரெசின் என்ற பிசின் பற்றிக்கொள்ள அதில் ஒரு கொக்கியும் இல்லை. எண்ணெய் தேய்த்த தலையில் பூ வைத்த கதை.

அந்தக் கொக்கியைப் போடுவதுதான் ட்ரீட்மென்ட். உயர் அழுத்த மின்சாரத்தைக் காற்றில் பொரியவிட்டு, அதற்கடியில் ஃபிலிமை ஓட்டினால், மேற்பரப்பில் ஆக்சிஜன் ஏறிக்கொள்கிறது. ஹைட்ராக்சில், கார்பனைல், கார்பாக்சில் என்று ரெசினைப் பிடிக்கக்கூடிய முனைகள் முளைக்கின்றன. ஆழம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை, சில நானோமீட்டர்தான். 1933-ல் இங்கிலாந்தில் தற்செயலாகக் கிடைத்த பொருள் பாலித்தீன். அதில் மை ஒட்ட வழி வேண்டுமென்று 1951-ல் டென்மார்க்கில் வெர்னர் ஐஸ்பி என்ற பொறியாளர் இந்தக் கொரோனா முறையை உருவாக்கினார். ஆமாம், பெயர் கொரோனாதான். 2020-ல் போனில் "எங்க கொரோனா வேலை செய்யலீங்க" என்று சொல்லிவிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை.

மூன்றாம் நாள்தான் டைன் பேனா வந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு டைன் எண்ணுக்கான திரவம். 30-லிருந்து 44 வரை. ரோலை ஒரு சுற்று உரித்து எறிந்துவிட்டு, விரல் படாத இடத்தில் கோடு போட வேண்டும். இரண்டு நொடி பார்க்க வேண்டும். கோடு கோடாகவே நின்றால் அந்த எண்ணோ அதற்கு மேலோ இருக்கிறது. சுருங்கி முத்துக் கட்டினால் இல்லை. 38 போட்டேன், பேனாவை எடுப்பதற்குள் உடைந்துவிட்டது. 36-ம் உடைந்தது. 34 இரண்டு நொடி தாக்குப்பிடித்து, அப்புறம் ஓரம் மட்டும் சுருங்கியது. ஃபிலிம் வந்தபோது பில்லோடு வந்த தாளில் 40 என்று போட்டிருந்தது. சப்ளையர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு அது 40 இருந்திருக்கும்.

ரோல் வந்தது சித்திரையில். அச்சடித்தது ஆடியில். நடுவில் நாலு மாதம் தகரக் கூரை கோடவுனில் கிடந்தது. ட்ரீட்மென்ட் என்பது பொரித்த அப்பளம் மாதிரி, எண்ணெயிலிருந்து எடுத்த நிமிடத்திலிருந்து நமுக்க ஆரம்பித்துவிடும். அதிலும் பனியன் பாலிபேக்குக்கு வரும் எல்டியில் ஸ்லிப் சேர்த்திருப்பார்கள். எருக்கமைடு என்ற மெழுகு மாதிரிச் சரக்கு. அது ஃபிலிமுக்குள் சும்மா இருக்காது, நாள்பட மெல்ல மேலே பூத்து வரும், சூட்டில் இன்னும் வேகமாக. அது வந்தால்தான் பை வழுக்கும், பனியன் உள்ளே சர்ரென்று இறங்கும், பேக்கிங் பெண்கள் மணிக்கு இத்தனை பை என்ற கணக்கை எட்டுவார்கள். கம்பெனிக்காரர் "நல்லா வழுக்கற மாதிரி கொடுங்க" என்று கேட்டு வாங்கியதும் அதைத்தான். வழுக்குவதும் ஒட்டுவதும் ஒரே மேற்பரப்பில் சண்டை போடுகின்றன. இதில் யாரைக் குற்றம் சொல்வது? கோடவுன் என்னுடையது, என்னைத்தான்.

இப்போது ரீசைக்கிள்ட் எல்டி வேண்டுமென்று பையர்கள் கேட்கிறார்கள். அதில் யார் வீட்டு ஸ்லிப், எவ்வளவு ஸ்லிப் என்று யாருக்கும் தெரியாது. ஒரே ரோலின் ஆரம்பத்திலும் முடிவிலும் வேறு வேறு அளவு காட்டிய ரோல் எங்களிடம் வந்திருக்கிறது.

சரி, மீதி நாலு ரோல் இருக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. அச்சு மெஷினை செகண்ட்ஹேண்டில் வாங்கியபோது அதோடு வந்த ஒரு ட்ரீட்டர், அதாவது இந்தக் கொரோனாவைப் பொரியவிடும் மெஷின், மூலையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. பழைய முதலாளி "அது ட்ரிப் ஆகிட்டே இருக்கும், தொடாதீங்க" என்று சொல்லியிருந்தார். தொட்டேன்.

தொடும் முன் ஒன்று. இதற்குள் ஓடுவது பத்தாயிரம் வோல்ட்டைத் தொடும் சமாசாரம். மெயினை இறக்கி, ஃபியூஸை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்து, எர்த் வயர் கட்டிய காய்ந்த மூங்கில் கழியால் எலக்ட்ரோடைத் தொட்ட பிறகே கை வைத்தேன். எலக்ட்ரீஷியன் தம்பி பக்கத்தில் நின்றார். ஜெனரேட்டர் பெட்டியை அவர் மட்டும்தான் திறந்தார்.

உள்ளே பெரிய மாயம் இல்லை. 600 மில்லிமீட்டர் அகலத்தில் சிலிகான் உறை போட்ட ஒரு உருளை, அதையும் ரோல் என்றே சொல்வோம், எர்த்தோடு சேர்ந்தது. அதன் மேல் ஒரு கையகலக் காற்றுகூட இல்லாமல் நெருங்கி நிற்கும் அலுமினிய எலக்ட்ரோடு. மேலே மூடி, மூடியிலிருந்து ஓசோனை உறிஞ்சி வெளியேற்றும் ப்ளோயர். எலக்ட்ரோடில் வெள்ளையும் பழுப்புமாகப் பொடி அப்பியிருந்தது. ப்ளோயர் குழாயில் குளவிக்கூடு. குழாய் சாதா ரப்பர் என்பதால் பாளம் பாளமாக வெடித்திருந்தது, ஓசோன் ரப்பரைத் தின்றுவிடும்.

ட்ரிப் ஆனதற்குக் காரணத்தை ரோலை மெதுவாகக் கையால் சுற்றும்போது பார்த்தேன். இடது ஓரத்திலிருந்து நாலு விரல் தள்ளி, சிலிகான் உறையில் ஊதுபத்தி நெருப்பு வைத்த அளவு ஓட்டை. சுற்றிலும் கருகிய வளையம். வளையத்திலிருந்து முடியிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு ஓரம் வரை ஓடியிருந்தது. மின்சாரம் ஃபிலிம் அகலத்துக்கும் பரவிப் பொரிய வேண்டியது, இந்த ஓட்டை வழியாக ஒரே கம்பியாக இறங்கியிருக்கிறது. ஓட்டை எப்படி வந்தது என்பதும் பக்கத்திலேயே தெரிந்தது. எலக்ட்ரோடு கோணலாக இருந்தது. ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தால் வலது ஓரம் 3 மில்லிமீட்டர், இடது ஓரம் 0.8. நெருங்கிய பக்கம்தான் வெந்திருக்கிறது.

ஓட்டையை சிலிகான் பசை வைத்து அடைக்கலாமா என்று தம்பி கேட்டார். அடைத்தும் பார்த்தோம், வீணாக ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்து நிமிடத்தில் அதே இடம் திரும்பவும் வெடித்தது. புது உறை வாங்கினேன். போடும் விதம் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ரோல் ஒரு முனையில் மட்டும் தாங்கி நிற்கும். மழமழவென்று துடைத்து, உறையின் வாயை ரோல் முனையில் ஒரு சாண் ஏற்ற வேண்டும். உறையின் மறுமுனையைத் துணி வைத்து இறுகக் கட்டிவிட்டு, ஏற்றிய வாயோரமாக கம்ப்ரஸர் நாசிலைச் செருகிக் காற்றைத் திறந்தால் உறை பலூன் மாதிரி உப்பும். அந்தக் காற்று மெத்தையில் மிதந்துகொண்டே இரண்டு பேர் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். காற்றை நிறுத்தியதும் கப்பென்று பிடித்துக்கொள்ளும். உள்ளே ஒரு மணல் துகள் மாட்டினாலும் அதுதான் அடுத்த ஓட்டை. நாங்கள் இரண்டு முறை கழற்றி மாட்டினோம்.

எலக்ட்ரோடைத் துடைத்து, இடது, நடு, வலது மூன்று இடத்திலும் இடைவெளியை 1.5 மில்லிமீட்டருக்கு வைத்தேன். குழாயை சிலிகான் குழாயாக மாற்றி, கூரைக்கு மேல் வெளியேற்றினேன். குளவிகளிடம் மன்னிப்பு.

மறுநாள் சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு, ஃபிலிமை ஓட்டியபடி சுவிட்சைப் போட்டோம். ஃபிலிம் ஓடாமல் போடக் கூடாது, நின்ற இடத்திலேயே உருகி ஓட்டையாகிவிடும். ஊதா நிறத்தில் ஒரு மெல்லிய திரை, அகலம் முழுக்க ஒரே சீராக, மழைச் சத்தம் மாதிரி ஒரு சீறல். எங்காவது தனியாக வெள்ளையாகப் பொறி தெறித்தால், கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால், இடைவெளி கோணல் என்று அர்த்தம். எங்களுக்குத் தெறிக்கவில்லை. இடி விழுந்த பிறகு வருமே ஒரு கூரான மணம், அது கொஞ்சம் வந்தது. மூடியின் ஒரு மூலையில் ரப்பர் பட்டை விட்டுப்போயிருந்தது, அதை அடைத்தோம். வேலையிடத்தில் ஓசோன் பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. மூக்கு அதற்கு முன்னாலேயே சொல்லிவிடும், ஆனால் பழகிய மூக்கு சொல்லாது. அதனால் ப்ளோயர் ஓடாவிட்டால் ட்ரீட்டர் ஓடாதபடி தம்பி ஒரு இன்டர்லாக் போட்டுக் கொடுத்தார்.

எவ்வளவு பவர் வைப்பது? இதற்குக் கணக்கு சுலபம். வாட்டை அகலத்தாலும் வேகத்தாலும் வகுத்தால், ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு போகிறது என்று வரும். எங்களுக்கு அகலம் 0.6 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 60 மீட்டர், அதாவது நிமிடத்துக்கு 36 சதுர மீட்டர். 500 வாட் வைத்தால் சதுர மீட்டருக்கு 14 வாட்-நிமிடம் வருகிறது. அந்த நாலு மாத ரோலில் அது 36 டைனைத்தான் கொடுத்தது. 900 வாட், அதாவது 25, வைத்ததும் 38 கோடு நின்றது. ஆசை யாரை விட்டது, 1300 வரை ஏற்றினேன். சதுர மீட்டருக்கு 36 வாட்-நிமிடம் போகிறது, டைன் என்னவோ 39-தான். புது ரோலாக இருந்தால் இதில் பாதியிலேயே 40 வந்துவிடும். ஸ்லிப் பூத்த ஃபிலிமில் மின்சாரம் முதலில் ஸ்லிப்பைத்தான் வறுக்கிறது. ஃபிலிம் ஊதும் இடத்திலேயே, சூடு ஆறும்போதே ட்ரீட் செய்வது அதனால்தான். இங்கே நாம் செய்வது மறுசூடு.

900-ல் வைத்து இரண்டு ரோலை அச்சடித்தோம். டேப் வெறுங்கையோடு வந்தது. அண்ணன் பையைக் கையில் கசக்கி, துணி துவைப்பதுபோல் பத்துத் தடவை தேய்த்துப் பார்த்தார். எழுத்து அசையவில்லை. "மை நல்ல மைதானுங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு பாதியில் முடிந்திருக்கும். அடுத்த நாள் கட்டிங் மெஷினில் பையின் ஓர ஒட்டு பிரிந்தது. எங்கள் ஃபிலிம் ஒற்றை ஷீட்டாக ஓடி அச்சாகி, பிறகு மடித்து, சூட்டுக் கத்தி ஓரத்தை வெட்டும்போதே ஒட்டிவிடும். மடிப்பின் உள்பக்கமும் உள்பக்கமும் சேரும் இடம் அது, அங்கே ட்ரீட்மென்ட் வேலையே இல்லை. ஆனாலும் சில பைகள் இழுத்தால் ஜிப் மாதிரி திறந்தன. அச்சடித்த ரோலைப் பிரிக்கும்போது சடசடவென்று சத்தம் வேறு, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. மடித்தால் உள்ளே போகும் அந்தப் பின்பக்கத்தில் பேனாவை வைத்தேன். அதுவரை அங்கே வைக்கத் தோன்றவே இல்லை. சில இடத்தில் 31, சில இடத்தில் 36, பட்டை பட்டையாக, வரிக்குதிரை மாதிரி.

ஃபிலிமுக்கும் ரோலுக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொண்டால் அந்தக் காற்றும் பொரியும். அப்போது பின்பக்கமும் ட்ரீட் ஆகிவிடும். ட்ரீட் ஆன பின்பக்கம் சுற்றில் மையையும் பிடிக்கும், சூட்டுக் கத்தி போடும் ஓர ஒட்டும் சரியாகப் பிடிக்காது. ட்ரீட்டர் ரோலுக்கு முன்னால் ஃபிலிமை அமுக்கும் நிப் ரோல் நடுவில் தேய்ந்து பள்ளமாகிக் கிடந்தது. அதை ரப்பர் ஏற்றி கிரைண்ட் செய்து வாங்கினோம். ஃபிலிமின் டென்ஷனைக் கொஞ்சம் கூட்டி, சுருக்கம் இல்லாமல் ரோலை அணைத்துப் போகும்படி செய்ததும் பின்பக்கம் முழுக்க 31-க்கு வந்துவிட்டது. இப்போது முன்பக்கம் ஒரு கோடு போட்டால் பின்பக்கமும் ஒரு கோடு. முன்னதுக்கு ஏறணும், பின்னதுக்கு ஏறக் கூடாது.

இன்னொரு கூத்து. ஒரு நாள் அச்சில் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக மை விலகியது. டைன் சரி, மை சரி, ஃபிலிம் சரி. கடைசியில், கட்டிங் மெஷின் பையன் கத்தியில் ஃபிலிம் ஒட்டாமல் இருக்க சிலிகான் ஸ்ப்ரே அடித்திருக்கிறான், ஃபேன் அதை அச்சு மெஷின் வரை கொண்டுவந்திருக்கிறது. ஸ்ப்ரேயைக் கேட்டிலிருந்தே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன்.

டைன் திரவத்தை நாமே கலந்தால் காசு மிச்சம் என்று ஒரு யோசனை வரும், எனக்கும் வந்தது. ஃபார்மமைடு 54 பங்கு, எத்தில் செல்லோசால்வ் 46 பங்கு, அது 38. முன்பு ஒரு பாட்டில் கலக்கவும் செய்தேன். அப்புறம் அதன் பாதுகாப்புத் தாளைப் படித்தேன். இரண்டுமே கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை, தோல் வழியாகவும் ஏறும். எங்கள் கட்டிங் பகுதியில் வேலை செய்வது பெரும்பாலும் கல்யாணமான சின்ன வயசுப் பெண்கள். அன்றோடு விட்டேன். கடையில் விற்கும் நச்சு குறைந்த வகைதான் இப்போது. பேனாவைவிட பாட்டிலும் பஞ்சுக் குச்சியும் நல்லது. பேனா முனை ஃபிலிமிலிருக்கும் ஸ்லிப்பைத் தொட்டுத் தொட்டு அழுக்காகி, ஒரு மாதத்தில் தப்பாகச் சொல்ல ஆரம்பித்துவிடும்.

இதைக் கேள்விப்பட்டு மருந்துக் கம்பெனிக்கு அலுமினிய ஃபாயில் அச்சடிக்கும் நண்பர் ஒருவர், "என் ரோலையும் உங்க ட்ரீட்டர்ல ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுங்க" என்று வந்தார். முடியாது என்றேன். எங்களுடையது வெறும் உலோக எலக்ட்ரோடு. ஃபாயில் தானே மின்சாரத்தைக் கடத்தும், எலக்ட்ரோடிலிருந்து நேராக அதற்கே பாய்ந்துவிடும். அதற்கு எலக்ட்ரோடே செராமிக்கில் மூடியிருக்க வேண்டும். தவிர, ஃபாயிலில் பிரச்சினை பெரும்பாலும் உருட்டும்போது போட்ட எண்ணெயின் மிச்சம். தண்ணீர் ஊற்றி அது படலமாக நிற்கிறதா உடைகிறதா என்று முதலில் பாருங்கள், உடைந்தால் ரோலைத் திருப்பி அனுப்புங்கள், நின்றால் ப்ரைமர் ஒரு கோட் அடியுங்கள் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்போது ஒவ்வொரு ரோல் மேலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. வந்த தேதி, வந்த அன்று டைன், ஏற்றும் அன்று டைன். முதலில் வந்தது முதலில் ஏறும். கோடவுன் தகரத்துக்குக் கீழே தெர்மோகோல் போட்டாயிற்று. கம்பெனிக்காரரிடம் ஸ்லிப்பைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், பேக்கிங் இன்சார்ஜ் இன்னும் தலையாட்டவில்லை.

மறுட்ரீட் செய்த அந்த ரோலிலிருந்து ஒரு கெஜம் வெட்டி, ஆபீஸ் சுவரில் ஆணியில் மாட்டியிருக்கிறேன். திங்கள்கிழமை தோறும் அதில் ஒரு புது இடத்தில் கோடு போடுவேன். முதல் வாரம் 38 நின்றது. மூன்றாம் வாரம் 36. போன திங்கள் 36 முத்துக் கட்டிவிட்டது, 34 நிற்கிறது.